ஹேங்க் தாம்சன கேட்க ஆரம்பிக்கிறது எப்படி, எந்த ரெக்கார்டிங்க நம்புறது

ஹேங்க் தாம்சன், அமெரிக்காவுல கிராமத்து மண்ல இருந்து வந்த கன்ட்ரி இசைல பேர் வாங்கின பாடகர். அவரு பேர தேடிப் பாருங்க, ஆல்பம் கொட்டும். "கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்", "ஒரிஜினல் ஹிட்ஸ்", "ஆல் டைம் ஹிட்ஸ்"னு ஒரு நூறு அட்டை, உள்ள போனா சுத்திச்சுத்தி அதே பத்துப் பன்னெண்டு பாட்டுதான். அதுல பாதி, அந்தப் பாட்டு ஹிட்டானப்ப பாடினதே இல்ல, பல வருஷம் கழிச்சு வேற கம்பெனிக்காக திரும்பப் பாடிக் கொடுத்தது. இது தெரியாம நான் ஒன்றரை வருஷம் "தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்" பாட்டோட பின்னாடி வந்த வெர்ஷன கேட்டுட்டு, "இதுக்கா இவ்ளோ பேச்சு, சுமாராத்தானே இருக்கு"ன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒருநாள் தற்செயலா 1952ல வந்தது காதுல விழுந்துச்சு, அப்பதான் புரிஞ்சுது நான் இத்தன நாள் கேட்டது ஆறிப்போன காப்பின்னு. அந்தக் கடுப்புலதான் இத எழுதுறேன்.

முன்கதை கொஞ்சம் தெரிஞ்சா எந்த வருஷத்து ரெக்கார்டிங் எதுக்கு முக்கியம்னு பிடிபடும், அதனால வேகமா சொல்லிடுறேன். 1925 செப்டம்பர் 3ல டெக்சாஸ்ல வேக்கோ ஊர்ல பொறந்தவரு. படிக்கிற வயசுலயே உள்ளூர் ரேடியோவுல "ஹேங்க் தி ஹயர்டு ஹேண்ட்"னு, அதாவது கூலிக்காரன் ஹேங்க்னு ஒரு பேருல பாடிட்டு இருந்தாரு. ரெண்டாம் உலகப் போர் சமயம் கடற்படைல ரேடியோ வேல, அப்பறம் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிப்பு, பிரின்ஸ்டன்ல கூட கொஞ்ச நாள். இந்த இன்ஜினியரிங்க சும்மா நெனச்சுடாதீங்க, பின்னாடி ஊர் ஊரா கச்சேரிக்குப் போகும்போது தன்னோட சவுண்ட் சிஸ்டத்தையும் லைட்டையும் தானே தூக்கிட்டுப் போன ஆரம்பகாலத்து கன்ட்ரி ஆளுங்கள்ல இவரு ஒருத்தரு. 1946ல குளோப்னு ஒரு சின்ன கம்பெனிக்கு "வோ செய்லர்" பாடினாரு. டெக்ஸ் ரிட்டர்னு இன்னொரு கன்ட்ரி பாடகர் சிபாரிசு பண்ண, 1947ல கேபிட்டல் ரெக்கார்ட்ஸ் உள்ள இழுத்துச்சு. 1960கள் நடு வரைக்கும் அங்கதான். தங்கச் சுரங்கம் முழுக்க அந்தப் பதினெட்டு வருஷத்துலதான் இருக்கு, அதுக்கு அப்பறம் வந்ததெல்லாம் அங்கங்க பொறுக்கி எடுக்க வேண்டியது.

அவரோட பேண்ட் பேரு பிராசோஸ் வேலி பாய்ஸ். பிராசோஸ்ங்கிறது வேக்கோ வழியா ஓடுற ஆறு. இந்தப் பேர மறந்துடாதீங்க, பாதி சாப்பாடு அவங்க சமச்சதுதான்.

சரி, முதல் வேல. ஹாங்கி டாங்க்னா என்ன, வெஸ்டர்ன் ஸ்விங்னா என்னன்னு கட்டுரை படிக்காதீங்க, ரெண்டையும் காதுல வாங்கிக்கோங்க. வெஸ்டர்ன் ஸ்விங்குக்கு பாப் வில்ஸும் அவரோட டெக்சாஸ் பிளேபாய்ஸும். 1930கள்ல டல்சா ஊர்ல கெயின்ஸ் பால்ரூம்ல இருந்துட்டு ரெண்டு மூணு ஃபிடில் (நம்ம வயலின்தான்), கம்பி மேல இரும்புப் பட்டைய வழுக்கி வாசிக்கிற ஸ்டீல் கிட்டார், டிரம்ஸ், டிரம்பெட் எல்லாம் சேத்து ஜாஸ் மாதிரி ஆட வெச்ச கூட்டம். பெரிய ஹால், நிறைய ஆளு, நிறைய வாத்தியம். ஹாங்கி டாங்க் அதுக்கு நேரெதிர். 1933ல அமெரிக்காவுல மதுவிலக்கு எடுத்த பிறகு டெக்சாஸ் எண்ணெய்க் கிணத்துப் பக்கம் பீர் கடைங்க பெருகிச்சு, உள்ள காசு போட்டா பாட்டு ஓடுற ஜூக்பாக்ஸ் பெட்டி, சுத்தி ஒரே இரைச்சல், அந்த இரைச்சல மீறிக் கேட்கணும்னா கிட்டார கரண்ட்ல போடணும், பீட் கெட்டியா இருக்கணும், பாட்டு குடி, பிரிவு, துரோகம்னு குடிக்கிறவன் மனசுல இருக்கிறதையே சொல்லணும். எர்னஸ்ட் டப் 1941ல பாடின "வாக்கிங் தி ஃப்ளோர் ஓவர் யூ"வ ஒரு தடவ போட்டுக் கேளுங்க, அதுவே போதும்.

தாம்சன் என்ன பண்ணாருன்னா, ஹாங்கி டாங்க் வார்த்தைய எடுத்து வெஸ்டர்ன் ஸ்விங் பேண்ட் மேல உக்கார வெச்சாரு. அழுகுற பாட்டு, ஆடுற தாளம். இத மனசுல வெச்சுக்கிட்டு கேட்டீங்கன்னா அவரு எதுக்கு அவ்ளோ சாதாரணமா, உணர்ச்சிவசப்படாம, பக்கத்து டேபிள்ல உக்காந்து பேசுற மாதிரி பாடுறாருன்னு புரியும். அவரோட குரல் ஒரு பாரிடோன், அதாவது ரொம்ப கீழயும் இல்லாம ரொம்ப மேலயும் இல்லாம நடுவுல நிக்கிற ஆம்பளக் குரல், நல்லா தெளிவா ஒவ்வொரு எழுத்தும் விழும். அதே காலத்து இன்னொரு கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் குரல் மாதிரி உடையாது. அவரு அழல, ஏன்னா ஃபுளோர்ல நாநூறு பேரு ஆடிட்டு இருக்கான், பாடுறவன் தாளத்த விட்டுட்டு அழுதா ஆடுறவன் கால் தடுக்கும். மொதல் தடவ கேட்கிறவங்க நிறைய பேரு "குரல்ல ஃபீல் இல்லையே"ன்னு சொல்றது இதனாலதான். குரல விட்டுட்டு கால கேளுங்க.

கால கேட்கிறதுன்னா எப்படி? பாட்ட போடுங்க, வார்த்தைய கவனிக்காதீங்க. தாளத்த ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுங்க. அடில டும்னு கேட்கிற பேஸ் வாத்தியம் ஒன்னு மூணுல விழும், அதுக்கு கால் தட்டுங்க. ரெண்டு நாலுல தாள கிட்டாரோ டிரம்ஸோ சக் சக்னு வெட்டும், அதுக்கு கை. கால் கை கால் கை. இது ரெண்டு நிமிஷம் விடாம வந்துச்சுன்னா போதும், மேல என்ன நடக்குதுன்னு தானா தெரிய ஆரம்பிக்கும். கேலியா தோணும், ஆனா இதப் பண்ணாம நேரா ஸ்டீல் கிட்டார பிடிக்கப் போனா எல்லாம் ஒரே குழம்பாதான் கேட்கும்.

அடுத்து ஆரம்பப் பாட்டு. எல்லாரும் "வைல்ட் சைட்"லதான் ஆரம்பிப்பாங்க, நான் வேண்டாங்கிறேன், "ஹம்ப்டி டம்ப்டி ஹார்ட்"ல ஆரம்பிங்க. 1948ல வந்தது, கேபிட்டல்ல இவருக்கு மொதல் பெரிய ஹிட். குழந்தைங்க பாட்டுல வர்ற முட்டை ஆளு செவுத்துல இருந்து விழுந்து ஒடைவான் இல்லையா, அந்த மாதிரி என் மனசு ஒடஞ்சு போச்சுன்னு ஒரு காதல் பாட்டு. கேட்டா சிரிப்பு வரும், அதே சமயம் கால் ஆடும். இதே வித்தைய 1953ல "ரப் ஏ டப் டப்"லயும் பண்ணாரு, அது நம்பர் 1. குழந்தைப் பாட்ட குடிகாரன் வாயில போட்டு பாட வைக்கிறது இவருக்கு ஒரு ருசி போல. என்னைக் கேட்டா "ரப் ஏ டப் டப்" கொஞ்சம் ஓவர்தான், ஆனா பேண்ட் அதுல பின்னி எடுத்திருப்பாங்க, மறுக்க முடியாது.

இப்ப "தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்". 1952ல பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி ஹிட் பட்டியல்ல, அதாவது சார்ட்ல, 15 வாரம் நம்பர் 1ல உக்காந்திருந்த பாட்டு. இத தனியா கேட்காதீங்க, நாலு பாட்டா வரிசை கட்டி ஒரே மூச்சுல கேளுங்க, இந்த முழு கைடுல ஒன்னே ஒன்னு பண்ணுவீங்கன்னா இதப் பண்ணுங்க.

ஒன்னு, கார்ட்டர் ஃபேமிலி 1929ல பாடின "ஐம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்". ரெண்டு, ராய் ஏகஃப் 1936ல பாடின "தி கிரேட் ஸ்பெக்கிள்டு பேர்ட்". மூணு, தாம்சன். நாலு, கிட்டி வெல்ஸ் அதே 1952ல பாடின "இட் வாஸ்ன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்". மெட்டு நாலுக்கும் ஒன்னேதான்! மொதல்ல காதல் ஏக்கம், அடுத்து சர்ச் பாட்டு, மூணாவது மதுக்கடை, நாலாவது அந்த மதுக்கடைக்கு ஒரு பொம்பள கொடுத்த பதிலடி. அதே மெட்டு சர்ச்சுக்குள்ள போயிட்டு வெளிய வந்து பாருக்குள்ள நுழையுது பாருங்க, அமெரிக்காவுல அந்தக் காலத்து கிராமத்து ஆளுங்களுக்கு இந்த மெட்டு பழக்கமானதுதான், அதனாலதான் ஜூக்பாக்ஸ்ல மொதல் தடவ கேட்டவனுக்கே இது ஏற்கனவே தெரிஞ்ச பாட்டு மாதிரி இருந்திருக்கும்.

தாம்சன் பாட்ட கிட்ட வெச்சுப் பாருங்க. ஆளு என்ன சொல்றான்? நான் லெட்டர் போட்டா நீ படிக்க மாட்ட, போன் பண்ணாதேன்னு சொல்லிட்ட, ஆனா சொல்ல வேண்டியது ஒன்னு இருக்கு, அதனால பாட்டா எழுதிட்டேன்னு ஆரம்பிக்கிறான். நாலே வரில கதை முழுசும் வந்துடுச்சு, அவ விட்டுட்டுப் போயாச்சு, பேச வழியில்ல. அப்பறம்தான் ஹாங்கி டாங்க் தேவதைய கடவுள்தான் படச்சான், எனக்குப் புரியாமப் போச்சுன்னு அவ தலைல எல்லாப் பழியையும் தூக்கி வைக்கிறான். அவன் இவ்ளோ குத்திக் காட்டும்போதும் பின்னாடி ஃபிடிலும் ஸ்டீலும் ஒரு பதட்டமும் இல்லாம சொகுசா நடந்து போகும். அந்த ஸ்டீல் வாசிச்சது கர்லி சாக்கர், பின்னாடி ஸ்டீல் வாசிக்கிறவங்க கும்புடுற ஆளா ஆனவரு. அவரு தாம்சன் ஒரு வரிய முடிச்சு மூச்சு வாங்குற சந்துல நுழைவாரு, ஸ்வரத்த வழுக்கி இழுத்து எடுத்து வைப்பாரு, அடுத்த வரி வரதுக்குள்ள வெளிய போயிடுவாரு. கமகம் கேட்டுப் பழகின காதுக்கு அந்த இழுப்பு உடனே பிடிச்சுப் போயிடும். மூணாவது தடவ கேட்கும்போது குரல முழுசா விட்டுட்டு இந்த சந்துங்கள மட்டும் கேளுங்க.

இப்ப கிட்டி வெல்ஸ். இது சுத்தமான எசப்பாட்டு. நான் இங்க உக்காந்திருக்கேன், ஜூக்பாக்ஸ்ல அந்த பாட்டு ஓடுதுன்னு தாம்சன் பாட்ட சொல்லியே ஆரம்பிக்கிறாங்க, கடவுள் ஒன்னும் அப்படி படைக்கல, கல்யாணமான ஆம்பளைங்க தன்ன பிரம்மச்சாரின்னு நெனச்சுட்டு திரியறதாலதான் நல்ல பொண்ணுங்க கெட்டுப் போறாங்கன்னு போட்டு உடைக்கிறாங்க. எழுதினது லூசியானாவுல கிரவுலி ஊர்ல இருந்த ஜே.டி. மில்லர். வெல்ஸுக்கு இது பெருசா வரும்னு நம்பிக்கையே இல்ல, ரெக்கார்டிங்குக்கு கிடைக்கிற 125 டாலருக்காகத்தான் பாடினாங்க. என்பிசி ரேடியோ தடை போட்டுச்சு, ஜனங்க வாங்கித் தள்ளினாங்க, கன்ட்ரி சார்ட்ல நம்பர் 1 வந்த முதல் தனிப் பெண் பாடகி ஆனாங்க. தாம்சன் பாட்டு இல்லன்னா இது இல்ல. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரு பேரு வரலாறுல நிக்கும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது அநியாயமா படுது, அவருக்கு சொந்தமாவே நிக்க நிறைய இருக்கு. எசப்பாட்டு அவருக்கும் புதுசில்ல, அடுத்தே "குட்நைட் ஐரீன்" பாட்டுக்கு பதிலா "வேக் அப் ஐரீன்"னு ஒன்னு பாடி 1954ல நம்பர் 1 அடிச்சாரு.

இனி அந்த ஒரிஜினல் விவகாரம். இத தெரிஞ்சுக்காம மேல போகாதீங்க. உங்க கைல இருக்கிறது ஒரிஜினலா, திரும்பப் பாடினதான்னு கண்டுபிடிக்கிறது இப்படித்தான்.

ஹெட்ஃபோன் மாட்டுங்க. 1940கள், 1950கள் ஆரம்பத்துல வந்த ரெக்கார்ட் எல்லாம் மோனோ. குரல், ஃபிடில், ஸ்டீல் எல்லாம் நடு மண்டைல ஒரே எடத்துல இருக்கணும். "வைல்ட் சைட்" கேட்கும்போது ஸ்டீல் இடது காதுலயும் ஃபிடில் வலது காதுலயும் தெளிவா பிரிஞ்சு கேட்டா, அது 1952 ரெக்கார்டே கிடையாது, அவ்ளோதான். ஆனா இதுல ஒரு உள்குத்து இருக்கு. 1960கள்ல கேபிட்டல் கம்பெனியே பழைய மோனோ ரெக்கார்ட எடுத்து டூயோஃபோனிக்னு ஒரு பேரு வெச்சு பொய் ஸ்டீரியோ பண்ணி வித்துச்சு. ஒரு காதுல பேஸ் தூக்கலா, இன்னொரு காதுல கீச்சுனு, ரூமுக்குள்ள தகர டப்பாவ கவுத்த மாதிரி ஒரு எக்கோ. வாசிப்பு ஒரிஜினல்தான், சத்தம் மட்டும் நாசம். பழைய எல்.பி. வாங்குறவங்க அட்டைல அந்த வார்த்தை இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, மோனோ பிரதி கிடைச்சா அதுக்கே போங்க.

அப்பறம் குரல். இருபத்தாறு வயசுக் குரல் லேசா, மேல் ஸ்தாயில ஈசியா போகும். பின்னாடி திரும்பப் பாடினதுல குரல் தடிச்சு, ஒரு அரை நொடி சோம்பலா வரும். டிரம்ஸ் ரொம்ப முன்னாடி பளிச்சுனு கேட்டாலும் சந்தேகப்படுங்க. கடைசியா எழுத்துல பாருங்க, ஆல்பம் தகவல்ல கீழ பொடி எழுத்துல எந்த வருஷ உரிமை, எந்த கம்பெனின்னு இருக்கும், கேபிட்டல் பேரே எங்கயும் இல்லாத ஹிட்ஸ் ஆல்பத்த நான் பாத்த உடனே தள்ளிடுவேன், தப்பா தள்ளினது ரொம்பக் கம்மி.

பணமும் பொறுமையும் இருக்கிறவங்களுக்கு, ஜெர்மனில பேர் ஃபேமிலின்னு ஒரு கம்பெனி இருக்கு, அவங்க 1996ல இவரோட கேபிட்டல் காலத்த 12 சிடி பெட்டியா போட்டாங்க. நேரா அதுல குதிக்காதீங்க, பன்னெண்டு சிடியும் வருஷ வரிசைல ஓடும், மூணாவதுலயே அலுத்துடும். மொதல்ல ஒத்தப் பாட்டா பழகிட்டு, அப்பறம் எந்த வருஷம் பிடிச்சுதோ அந்த வருஷத்துக்கு முன்ன பின்ன தோண்டுறதுக்கு அத வெச்சுக்கோங்க.

கிட்டார் பிடிக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு பத்தி. மெர்ல் டிராவிஸ் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, கட்டைவிரல் பேஸ டும் டும்னு தட்டிட்டே இருக்கும், ஆள்காட்டி விரல் மேல மெட்ட எடுக்கும், ஒரே ஆளு ரெண்டு பேரு மாதிரி வாசிப்பாரு. இவரு தாம்சனோட நெருங்கின கூட்டாளி, நிறைய ரெக்கார்டிங்ல வாசிச்சிருக்காரு. 1955ல ரெண்டு பேரும் சேந்து "வைல்ட்வுட் ஃப்ளவர்"னு கார்ட்டர் ஃபேமிலி பாட்ட வார்த்தையே இல்லாம வாத்தியத்துல மட்டும் போட்டாங்க, அதுவும் ஹிட். வீடியோ ஆப்ல வேகத்த 0.75க்கு கொறச்சு வெச்சு கேட்டீங்கன்னா கட்டைவிரல் எங்க, மத்த விரல் எங்கன்னு பிரிஞ்சு தெரியும். 0.5க்கு போகாதீங்க, ஸ்விங் செத்துப் போயி சவ ஊர்வலம் மாதிரி ஆயிடும்.

ஸ்டீல் கிட்டார் கேட்கிறவங்களுக்கும் ஒன்னு. காலால பெடல மிதிச்சு ஸ்வரத்த வளைக்கிற அந்த அழுகைச் சத்தம் 1954ல வெப் பியர்ஸோட "ஸ்லோலி" பாட்டுல பட் ஐசக்ஸ் வாசிச்ச பிறகுதான் ஊரெல்லாம் பரவிச்சு. அதுக்கு முந்தின தாம்சன் பாட்டுல கேட்கிறது பெரும்பாலும் கைல இருக்கிற இரும்புப் பட்டைய நகத்தி எடுக்கிற இழுப்பு. அந்த வித்தியாசத்த பிடிச்சுட்டீங்கன்னா வருஷம் பாக்காமலேயே ஒரு பாட்டு முன்னதா பின்னதான்னு ஓரளவு ஊகிக்கலாம்.

ஆல்பமா கேட்கணும்னா மூணு போதும் எனக்கு. 1959ல வந்த "சாங்ஸ் ஃபார் ரவுண்டர்ஸ்", ஊதாரிங்களுக்கும் ரவுடிங்களுக்கும்னே தொகுத்த மாதிரி, குடி, சூது, கொலைன்னு ஒரு கெட்ட சகவாசமான ஆல்பம், கன்ட்ரில ஸ்டீரியோவுல வந்த ரொம்ப ஆரம்பகால ஆல்பங்கள்ல ஒன்னு. இதுல ஸ்டீரியோ இருந்தா பயப்படாதீங்க, இது நெசம்! அப்பறம் 1961ல "அட் தி கோல்டன் நக்கெட்", லாஸ் வேகாஸ் சூதாட்ட கிளப்புல நேரா ரெக்கார்ட் பண்ணது. கன்ட்ரில லைவ் ஆல்பம்ங்கிறதே அபூர்வமா இருந்த சமயம். ஸ்டுடியோவுல அடக்கி வாசிக்கிற பேண்ட் இதுல எப்படி பல்ல இளிச்சுட்டு ஓடுதுன்னு கேளுங்க, ரெண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்த நாள் கேட்டா அந்த வித்தியாசமே ஒரு பாடம். இத தொடர்ந்து 1962ல ஷையென் ஃப்ரான்டியர் டேஸ் திருவிழாவுலயும் 1963ல டெக்சாஸ் ஸ்டேட் ஃபேர்லயும் லைவ் எடுத்தாரு, நக்கெட் அளவுக்கு எனக்கு ஒட்டல. மூணாவத கடைசில சொல்றேன்.

ஒத்தப் பாட்டுல 1960ல வந்த "எ சிக்ஸ் பேக் டு கோ" விட்டுடாதீங்க. நாள் முழுக்க குடிச்சு காச தொலச்சவன், கடைக்காரரே போறதுக்கு முன்னாடி ஒரு ஆறு பாட்டில் பீர் கட்டிக் கொடுங்கன்னு கெஞ்சுற பாட்டு. டெக்சாஸ் டான்ஸ் ஹால்ல இன்னைக்கும் பேண்டுங்க வாசிக்கிற பாட்டு இது. குடிய புகழ்றாரா கிண்டல் பண்றாரான்னு கேட்டா ரெண்டும் இல்ல, அந்த ஆள அப்படியே காட்டிட்டு நகந்துடுவாரு.

கேபிட்டல விட்ட பிறகு கொஞ்ச நாள் வார்னர், அப்பறம் டாட் ரெக்கார்ட்ஸ். டாட்ல 1968ல "ஆன் டேப், இன் தி கேன், ஆர் இன் தி பாட்டில்", 1969ல "ஸ்மோக்கி தி பார்". ரெண்டும் நல்லா போச்சு, ரெண்டும் மறுபடி குடிதான். இந்தக் காலத்துல எனக்கு ஒரு குறை, தயாரிப்பு பளபளன்னு ஆயிடுச்சு, பேண்ட் பின்னாடி போயிடுச்சு, தாம்சன் மட்டும் நிக்கிறாரு. பேண்ட் இல்லாத தாம்சன் எனக்கு பாதி தாம்சன்தான். இந்த ரெண்டு பாட்டோட நிறுத்திட்டு தாண்டிப் போங்க, வேணும்னா 1974ல "தி ஓல்டர் தி வயலின், தி ஸ்வீட்டர் தி மியூசிக்" ஒன்ன மட்டும் எடுத்துக்கோங்க.

இவருகிட்ட இருந்து அடுத்து யாருகிட்ட போறதுன்னா, வாண்டா ஜாக்சன். ஒக்லஹோமா சிட்டில ஸ்கூல் படிச்சுட்டே ரேடியோவுல பாடிட்டு இருந்த பொண்ண கேட்டு பேண்டோட பாட கூப்பிட்டது தாம்சன்தான். 1954ல அந்தப் பொண்ணு, தாம்சன் பேண்ட் லீடர் பில்லி கிரேவோட சேந்து பாடின "யூ கான்ட் ஹேவ் மை லவ்" ஹிட்டாச்சு, அப்பறம் அவங்க, கன்ட்ரியும் ராக்கும் கலந்த ராக்கபில்லிக்கு ராணியா ஆனது தனிக் கதை.

1989ல கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க. அதுக்கப்பறமும் நிறுத்தல. 2007 அக்டோபர் 8ல சொந்த ஊரான வேக்கோவுல கடைசி கச்சேரி, ஒரு மாசத்துல நவம்பர் 6ல நுரையீரல் புத்துநோய்ல போயிட்டாரு.

அந்த மூணாவது ஆல்பம், 2000ல வந்த "செவன் டிகேட்ஸ்". 1940கள்ல இருந்து எண்ணினா ஏழாவது பத்தாண்டுல கால் வெக்கிறாருன்னு அந்தப் பேரு. இத எடுத்த உடனே கேட்காதீங்க. மேல சொன்னதெல்லாம் கேட்டு முடிச்சு, ஒருநாள் ராத்திரி 1946 குளோப் "வோ செய்லர்" போடுங்க, இருபது இருபத்தொரு வயசு பையன், ரெக்கார்ட் கரகரன்னு இருக்கும். அது முடிஞ்ச உடனே, நடுவுல வேற எதையும் போடாம, "செவன் டிகேட்ஸ்"ல இருந்து ஒரு பாட்டு. கால்லயும் கையிலயும் அந்த ஒன்னு ரெண்டு மூணு நாலு தட்டிட்டே இருங்க.